ஒரே வருஷத்தில் நாலு வரலாற்று உருவச் சிலைகள்: மெழுகு, மண், மழைக் கணக்கு எப்படிப் போடுவது?

வடகரைப் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுவாமிமலைப் பக்கம் சின்னப் பட்டறை, நாலு பேர் வேலை, 100 கிலோ மூசை (உலோகம் உருக்கும் குடுவை) ஒன்று. இதுவரை செய்ததெல்லாம் சாமி விக்கிரகம்தான், மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிற வழக்கமான முறை. இப்போது ஒரு பள்ளி அறக்கட்டளை நாலு உருவம் கேட்கிறது.

ராஜராஜன், செம்பியன் மாதேவி: தலா 2½ அடி, கனம் (உள்ளே முழுக்க உலோகம்), கட்டடத்துக்குள் வைப்பது. கணித மேதை ராமானுஜன்: மார்பளவு, ஆள் அளவைப் போல ஒன்றேகால் பங்கு, வெளியில். தில்லையாடி வள்ளியம்மை: முழு உருவம் 5½ அடி, 4 அடி மேடையில், இதுவும் வெளியில்.

நாளும் குறித்துவிட்டார்கள். முதல் இரண்டும் ராஜராஜன் பிறந்த நட்சத்திரமான ஐப்பசி சதயத்துக்கு, ராமானுஜன் டிசம்பர் 22, வள்ளியம்மை அதற்கடுத்த பிப்ரவரி 22. வேலை தொடங்குவது இந்த மார்கழியில்.

கேள்விகள்: மனுஷ உருவத்துக்கு ஒடியோலையை (அளவுக்கு மடிக்கும் ஓலை நறுக்கு) எந்தத் தாளத்தில், அதாவது எந்த உடல் விகிதத்தில், மடிப்பது? உலோகம் எவ்வளவு கேட்டு வாங்க வேண்டும்? மழைக்காலத்தை எங்கே வைப்பது? போட்டோவிலிருந்து முகம் எடுத்துப் பழக்கம் இல்லை, அதற்கு வழி சொல்லுங்கள்.


மூசைக்காரர் எழுதியது:

முதலில் எடை. இதில் ஏமாந்தால் வருஷம் முழுக்க கைக்காசு போடுவீர்கள்.

கனமாக வார்த்தால் உயரம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு. 2½ அடி உருவம் 50 முதல் 60 கிலோ வரும், பத்மபீடம் தனியாக 20 கிலோ. அதையே 5 அடிக்குக் கனமாகக் கேட்டால் 400 கிலோவைத் தாண்டிவிடும். அதனால் வள்ளியம்மையைப் பொள்ளலாக, அதாவது உள்ளே கூடாகத்தான் வார்க்க வேண்டும். பொள்ளலுக்குக் கணக்கு வேறு: மேற்பரப்பு பெருக்கல் தடிமன். 5½ அடி உருவத்துக்குப் புடவை மடிப்போடு சேர்த்து 2½ சதுர மீட்டர் வையுங்கள். 6 மி.மீ. தடிமன் என்றால் 15 லிட்டர், லிட்டருக்கு 8.7 கிலோ வீதம் 130 கிலோ. ஊற்றுவாய், காற்றுக்குழாய், வழியில் சிந்துவது எல்லாம் சேர்த்து 170 கிலோ உருக்கக் கையில் இருக்க வேண்டும். உங்கள் மூசை 100 கிலோ, ஆக ஒரே வார்ப்பு நடக்காது. தலை, மேலுடல், புடவைக் கீழ்ப்பகுதி முன் பின், கைகள் என்று பிரித்துத்தான் ஆக வேண்டும். மார்பளவு ராமானுஜன் 35 முதல் 40 கிலோவில் முடிந்துவிடும்.

மெழுகு: தேன்மெழுகு 4, குங்கிலியப் பொடி 4, கடலை எண்ணெய் 1 என்பதுதான் அடிப்படை. சித்திரை வெயிலில் இதுவே கை பட்டால் குழையும். அப்போது எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள், விரலையும் நகையையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் போட்டு எடுத்து ஒட்டுங்கள். மார்கழிக் குளிரில் நேர்மாறு, எண்ணெய் குறைந்தால் மெழுகு பொரிந்து உடையும்.

நாள்கணக்கு. மார்கழி, தை, மாசி மூன்றும் மெழுகுக்கு. அதிலும் ராமானுஜனை முதலில் எடுங்கள். டிசம்பருக்குத்தானே என்று தள்ளிப்போட்டால் கெட்டது. போட்டோ உள்ள முகத்துக்குத்தான் ஒப்புதல் வாங்க அதிக நாள் போகும், ஆளுக்கொரு மூக்கு சொல்வார்கள். பங்குனி, சித்திரையில் இரண்டு சோழ உருவத்துக்கும் மண் பூசி வார்த்துவிடுங்கள். வைகாசி முதல் ஆடிக்குள் வள்ளியம்மையின் எல்லாத் துண்டும். ஆவணியில் ராமானுஜன். புரட்டாசி பாதிக்கு மேல் உலையே மூட்டக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உளி, அரம், உப்புத்தாள் வேலை மட்டும். கனவார்ப்புக்குச் சீவுகிற வேலையே பாதிக் காலம் தின்னும், அதனால்தான் சதயத்துக்கு உள்ளதைச் சித்திரைக்குள் வார்க்கச் சொல்கிறேன்.

வண்டல் மண்ணை மறக்காதீர்கள். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்துவிட்டால் ஆற்றில் மண் எடுக்க முடியாது. உரிய அனுமதி வாங்கி சித்திரையிலேயே வருஷத்துக்கு வேண்டியதை அள்ளி, சலித்து, சாக்கில் கட்டி மேட்டில் வையுங்கள்.


திருநல்லத்தான் எழுதியது:

தாளம் பற்றி. தேவருக்கு உத்தம தசதாளம் 124 அங்குலம், தேவிக்கு மத்திம தசதாளம் 120, மனுஷருக்கு அஷ்டதாளம் 96 என்பது சிற்ப நூல் கணக்கு (இந்த அங்குலம் இஞ்ச் அல்ல, உருவத்தின் உயரத்தை மடிக்கும் சம பங்கு). உங்கள் கை 124-க்கே பழகியிருக்கும். அதே மடிப்பில் ராஜராஜனைச் செய்தால் ஆயுதம் இல்லாத சந்திரசேகரர் வந்து நிற்பார். இந்த இரண்டு உருவத்துக்கும் நவதாளம், 108 எடுங்கள் என்பது என் கட்சி. கோயில் பாணியும் போகாது, மனுஷக் களையும் வரும்.

ஓலையை 30 அங்குலத்துக்கு வெட்டாதீர்கள். உலோகம் ஆறும்போது ஒன்றரை சதவீதம் சுருங்கும். 30½ அங்குலம் வெட்டி 108 ஆக மடித்தால்தான் கடைசியில் 30 நிற்கும். இன்னொன்று, 2½ அடி என்பது பீடத்தோடா, இல்லாமலா என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் செப்புத் திருமேனிகளுக்கு அளவு சொல்லும்போது 'பாதாதிகேசாந்தம்' இத்தனை முழம் இத்தனை விரல், 'கனமாக' என்று எழுதி, பீடத்தைத் தனியாகச் சொல்லியிருப்பார்கள். அதே மாதிரி எழுதினால் சண்டையே வராது.

முகத்துக்கு ஆதாரம் என்ன என்பதுதான் பெரிய விஷயம். ராஜராஜனையும் அவர் அரசி லோகமாதேவியையும் அவர்கள் காலத்திலேயே செம்பில் எழுந்தருளுவித்ததாகப் பெரிய கோயில் கல்வெட்டு இருக்கிறது. செய்வித்தவர் பொய்கைநாடு கிழவன் (தலைவன்) ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். ராஜராஜன், லோகமாதேவி என்ற பெயரில் குஜராத்திலிருந்து 2018-ல் மீட்டு வந்த இரண்டு உருவங்களும் கைகூப்பி நிற்பவை. பெரிய கோயிலின் உள்சுற்று ஓவியத்தில் ராஜராஜன், கருவூர்த்தேவர் என்று காட்டப்படும் இருவரும் அவர்கள்தானா என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. சந்தேகமே இல்லாத ஒன்று வேண்டுமென்றால் கோனேரிராஜபுரம் போங்கள். சோழ அரசி செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் பெயரால் எடுத்த கற்றளி (கற்கோயில்) அது. லிங்கத்தை வணங்கும் கண்டராதித்தரின் புடைப்புச் சிற்பமும், இன்னார் என்று சொல்லும் கல்வெட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சோழ அரச குடும்பத்து ஆள் கோயிலில் எப்படி நிற்பார், முடியை எப்படி முடிவார், இடுப்பில் என்ன கட்டுவார் என்பதை அங்கே பென்சிலால் வரைந்துகொண்டு வரலாம்.

செம்பியன் மாதேவிக்கு வாஷிங்டன் ஃப்ரீயர் காட்சியகத்திலுள்ள சுமார் 107 செ.மீ. செப்புத் திருமேனியைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பார்கள். அது அவர்தான் என்பது ஒரு கருத்து மட்டுமே. அதன் அதீத இடையும் மார்பும் தேவி இலக்கணம், ஒரு மனுஷியின் அடையாளமாக அதை எடுக்கக்கூடாது. கணவர் இறந்து பல பத்தாண்டு கோயில் எடுத்தவர் அந்த அம்மா. 55, 60 வயது முகம், நெற்றியில் லேசான மடிப்பு, கழுத்தில் ஒரே ஒரு ஆரம், கை வணங்கும் நிலை. எனக்குக் கேட்டால் அதற்கு மேல் ஒரு குண்டுமணி நகை வைக்க மாட்டேன்.


வடகரைப் பட்டறை எழுதியது:

ரொம்ப உபகாரம். ராஜராஜனுக்குப் பெரிய கிரீடமும் முறுக்கு மீசையும் வேண்டும் என்று நிர்வாகி ஒற்றைக்காலில் நிற்கிறார். கூடவே ஐந்தாவதாகக் கரிகாலனையும் 2 அடியில் சேர்க்க முடியுமா என்கிறார்.


திருநல்லத்தான் எழுதியது:

மீசை பிற்காலத்து நாடக மேடையும் நாள்காட்டிப் படமும் கொடுத்தது. பழைய செப்புருவத்தில் அப்படி ஒரு முறுக்கைப் பார்க்க மாட்டீர்கள். ஆனால் பணம் கொடுப்பவரிடம் வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது, மெழுகில் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும். கிரீடம், மீசை இரண்டையும் தனித்தனி மெழுகுத் துண்டாகச் செய்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு எடுத்துவிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 30 அங்குல உருவத்தில் 5 அங்குலக் கிரீடம் ஏறினால் முகம் சுண்டிப்போவது அவர் கண்ணுக்கே தெரியும். வேட்டியில் சரிகைக் கரை மாதிரிப் புடைத்து ஒட்ட வேண்டாம். தொடையோடு ஒட்டிய துணி, மடிப்புக்குச் சன்னக் கீறல், அவ்வளவே.

கரிகாலனுக்கு முகம் என்று எதுவுமே நமக்கு வந்து சேரவில்லை. டெல்டா ஆள் ஐந்தாவதாக வேண்டுமானால் இரண்டாம் சரபோஜியைச் சொல்லிப் பாருங்கள். 1798 முதல் 1832 வரை தஞ்சை மராத்திய மன்னராக இருந்தவர், அவர் காலத்திலேயே இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிலை தஞ்சை அரண்மனையில் நிற்கிறது. தஞ்சை சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் அதே சிற்பியின் புடைப்புச் சிற்பத்திலும் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் மரணப் படுக்கை அருகே சரபோஜி உண்டு. முப்பரிமாணத்தில் ஆதாரம் கிடைக்கிற ஆள் நம் பக்கத்தில் அபூர்வம்.


களிமண் கை எழுதியது:

போட்டோ முகத்துக்கு வழி சொல்கிறேன். நேரே மெழுகில் உட்காராதீர்கள். களிமண்ணில் செய்து ஒப்புதல் வாங்கி, பாரிஸ் சாந்தில் துண்டு அச்சு எடுத்து, அதன் உள்ளே மெழுகு பூசுங்கள். களிமண்ணில் ஒரு மூக்கைத் திருத்த பத்து நிமிஷம், மெழுகில் அரை நாள்.

ராமானுஜனுக்கு எல்லாரும் எடுப்பது 1919 கடவுச்சீட்டுப் படம். அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் 1980-களில் செய்த மார்பளவு உருவத்துக்கும் அதுதான் மூலம். ஏறக்குறைய நேர்முகம், பக்கவாட்டுத் தோற்றம் கிடையாது. அதனால் அளவுக்கு ஒரு பிடி வேண்டும். வளர்ந்த ஆணுக்கு இரண்டு கண்மணிக்கும் நடுவே சராசரி 63 மி.மீ. ஒன்றேகால் பங்குக்கு 79, உலோகச் சுருக்கம் சேர்த்து 80. படத்தில் கண்மணி இடைவெளி சரியாக 80 மி.மீ. வருகிற மாதிரி அச்சடித்து, களிமண்ணுக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டி, கவராயத்தால் நேராக எடுத்து வையுங்கள். அகலமும் உயரமும் இப்படிக் கிடைத்துவிடும். ஆழம் கிடைக்காது. அதற்கு ஒரே ஒரு விளக்கை படத்தில் வெளிச்சம் விழும் பக்கத்திலேயே வைத்து, களிமண் முகத்தில் விழும் நிழலும் படத்து நிழலும் ஒன்றாகும் வரை கன்னத்தையும் மூக்கையும் ஏற்றி இறக்குங்கள். காது புருவக் கோட்டுக்கும் மூக்கடிக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும். சாமி செய்த கை அதைத் தானாகக் கீழே இழுக்கும், தோளைத் தொடுகிற தொங்கு காது பழக்கம்.

எந்த வயது என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். 1914-ல் கப்பல் ஏறிய ஆள் புஷ்டியானவர். 1919 படம் நோய்க்குப் பிறகு எடுத்தது, கன்னம் வற்றியிருக்கும். ஒன்றின் கன்னத்தையும் இன்னொன்றின் கழுத்தையும் சேர்த்தால் யாரோ ஒருவர்தான் வருவார். இரண்டு வயதில் அம்மை போட்டவர், அந்தத் தழும்பைக் காட்டுவதானால் கன்னத்தில் ஆங்காங்கே சன்னக் குழிவு போதும், வரிசையாகப் புள்ளி குத்தினால் வார்ப்புக் குறை என்று நினைப்பார்கள்.

கண். சாமிக்குக் கடைசியில் கண் திறப்பீர்கள், இங்கே அது கிடையாது, கருவிழியை மெழுகிலேயே குடைந்துவிட வேண்டும். கருவிழி வட்டத்தை 4, 5 மி.மீ. ஆழம் தோண்டி, மேல் ஓரத்தில் ஒரு அரிசி அளவு உலோகம் நிற்க விடுங்கள். வெயிலில் குழி கறுப்பாகவும் அந்த அரிசி வெளிச்சப் பொட்டாகவும் தெரியும். குடையாமல் மழமழவென்று விட்டால் பத்தடி தூரத்தில் பார்வையற்றவர் மாதிரி இருக்கும்.

வள்ளியம்மை இறக்கும்போது 16 வயது. 1898 பிப்ரவரி 22 பிறப்பு, 1914 பிப்ரவரி 22 மறைவு, அதுவும் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்தபின். இதில்தான் நம் ஊர் ஸ்தபதிகள் சறுக்குவது. கை தன்னால் அம்பாள் இடுப்பை வைத்துவிடும். தோள் குறுகல், மணிக்கட்டு ஒல்லி, தலை உடம்பில் ஏழேகாலில் ஒரு பங்கு. 66 அங்குலத்துக்குத் தலை 9.1 அங்குலம் வரும். ஆனால் 4 அடி மேடையில் கீழிருந்து பார்க்கும்போது தலை சிறுக்கும், 9½ ஆக்குங்கள். முகத்தையும் இரண்டு, மூன்று டிகிரி முன்னால் சாய்த்தால்தான் தாடைக்கு அடிப்பக்கம் மட்டும் தெரியாமல் முகம் தெரியும். களிமண் உருவத்தையே 4 அடி மேசையில் ஏற்றிவைத்துத் தரையில் நின்று பாருங்கள், வேறு வழியில்லை.


உலைமேடு எழுதியது:

பொள்ளல் வார்ப்பில் என்ன கெடும் என்று யாரும் சொல்லவில்லை.

உள்மண், அதாவது கரு: வண்டல், மணல், கரித்த உமி. வெளியே முதல் பூச்சு சலித்த வண்டலும் அரைத்த உமிக்கரியும், தோசைமாவு பதம், 3 மி.மீ. நகை இடுக்கில் தூரிகையால் தடவுங்கள், காற்று சிக்கினால் அந்த இடத்தில் உலோகக் குண்டு விழும். காய்ந்தபின் வயல் களிமண்ணும் மணலும். மூன்றாவது பருமணல் கலந்த பூச்சு, அதற்குள் கம்பிக்கட்டு. மூன்றும் நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மேலே வெடித்து, வெடிப்பு முதல் பூச்சு வரை இறங்கும். வார்த்தபின் உருவம் முழுக்க மீன் செதில் மாதிரி உலோகத் தகடு நிற்கும், அதைச் சீவவே ஒரு வாரம்.

மெழுகு போனபின் கரு தொங்கிக்கொண்டு நிற்கும். அதைப் பிடிக்க மெழுகுக்குள் செம்பு ஆணி, 3, 4 அங்குலத்துக்கு ஒன்று, அரை அங்குலம் வெளிமண்ணில் நீட்டி. கரு நகர்ந்தால் ஒரு பக்கம் 10 மி.மீ., மறுபக்கம் ஓட்டை. இரும்பு ஆணி போடவே வேண்டாம். வெளியில் வைக்கும் சிலையில் இரண்டு மழைக்குள் துரு கண்ணீர் மாதிரி வடியும்.

வரட்டி அடுக்கிச் சுட்டு மெழுகை வடித்ததோடு நிறுத்தாதீர்கள். கனவார்ப்புக்கு அது ஓரளவு தாங்கும், பொள்ளலுக்குத் தாங்காது. கருவுக்குள் ஈரம் நின்றால் உலோகம் இறங்கும்போது ஆவியாகி ஊற்றுவாய் வழியே திருப்பி அடிக்கும், பக்கத்தில் நிற்பவர் கதி அவ்வளவுதான். ஊற்றுவாய்க்குள் செம்மை தெரியும் வரை சுடுங்கள். பிறகு வாய்மேல் குளிர்ந்த கண்ணாடித் துண்டைக் காட்டுங்கள், பனி மூடினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

புதைக்கிற குழியும் முக்கியம். காவிரியிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடத் தொடங்கினால் ஆற்றோரப் பட்டறைகளில் நிலத்தடி நீர் மளமளவென்று ஏறும். ஆனியில் உலர்ந்திருந்த குழி ஆவணியில் கசியும். வள்ளியம்மையின் கடைசித் துண்டுகளுக்கும் ராமானுஜனுக்கும் தரையைத் தோண்டாமல், மேலேயே செங்கல் சுவர் கட்டி உலர் மணல் நிரப்பிப் புதையுங்கள். அகப்பை, இடுக்கி எல்லாவற்றையும் தணலில் காட்டிவிட்டே உலோகத்தில் விடுங்கள்.

கலவை: உள்ளே வைக்கும் இரண்டும் உங்கள் வழக்கமான செம்பு, பித்தளை, ஈயக் கலவையில் இருக்கட்டும். வெளியில் நிற்பவற்றுக்குச் செம்பு 85, வெள்ளீயம் 5, ஈயம் 5, துத்தநாகம் 5 கேட்டு வாங்குங்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிப்பது, செம்பு உருகுவது 1084-ல். அதனால் பித்தளையைக் கடைசியில் போட வேண்டும், முதலில் போட்டால் வெள்ளைப் புகையாகப் பாதி போய்விடும், அந்தப் புகை நெஞ்சுக்கும் ஆகாது. ஈயம் அடியில் தங்கும், ஊற்றுமுன் அடிவரை கிளறுங்கள்.


மூசைக்காரர் எழுதியது:

சின்னச் சேர்க்கை. மெழுகு ஒரு கிலோவுக்கு உலோகம் பத்து கிலோ என்கிற நம் வாய்ப்பாடு சரிதான், ஆனால் எதை நிறுப்பது என்பதில் தவறு நடக்கிறது. பொள்ளலில் கருவோடு சேர்த்துத் தூக்கி நிறுக்க முடியாது. அச்சில் பூசுவதற்கு முன் மெழுகுச் சட்டியை நிறுங்கள், பூசியபின் நிறுங்கள், குறைந்ததுதான் உருவத்து மெழுகு. குழாய்களுக்குப் போன மெழுகையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூசுமெழுகில் குங்கிலியம் பாதியாக இருக்கட்டும், இல்லையென்றால் அச்சைப் பிரிக்கும்போது காது உடைந்து வரும்.

பணம்: செம்பு விலை வருஷத்தில் நிற்காது. கூலியை இன்றைக்குப் பேசுங்கள். உலோகத்தை மெழுகு ஒப்புதலான அன்றைய விலைக்கு, எடைப்படி, அவர்கள் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.


வடகரைப் பட்டறை எழுதியது:

சரபோஜிக்கு நிர்வாகி தலையாட்டிவிட்டார், ஆனால் அடுத்த வருஷத்துக்கு. கடைசியாக ஒன்று: துண்டுகளை ஒட்டுவது, மேடையில் நிறுத்துவது?


உலைமேடு எழுதியது:

ஒட்டுவதற்கு அதே உலையில் வார்த்த கம்பி வேண்டும். ஒவ்வொரு வார்ப்பிலும் மிச்ச உலோகத்தை மணலில் கோடு கிழித்து ஊற்றி 3, 4 மி.மீ. கம்பியாக எடுத்து, எந்தத் துண்டின் உலோகம் என்று சீட்டுக் கட்டி வையுங்கள். ஆர்கான் வெல்டிங்கில் அதையே ஊட்டுங்கள். கடைப் பித்தளைக் கம்பி போட்டால் அன்றைக்குத் தெரியாது, நிறமேற்றியபின் கழுத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினமாதிரி தெரியும். ஒட்டை நேர்கோட்டில் வைக்காமல் புடவை மடிப்பின் உள்மடியில் வையுங்கள்.

உள்ளே கருமண்ணை முழுக்க சுரண்டி எடுத்துவிடுங்கள், ஒரு கைப்பிடி தங்கினாலும் அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு காலுக்குள்ளும் 20 மி.மீ. எவர்சில்வர் கம்பி, மேடைக் காங்கிரீட்டில் ஒன்றரை அடி இறங்க வேண்டும். சாதாரண முறுக்குக் கம்பி ஆகாது. பாதத்துக்கு அடியில் 10 மி.மீ. துளை இரண்டு, உள்ளே வேர்க்கிற தண்ணீர் வெளியேற. கடற்கரையிலிருந்து உப்புக்காற்று வருகிற ஊரானால் வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெழுகு தேய்க்க ஆள் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். பள்ளி ஆயுத பூஜைக்கு யாராவது கட்டாயம் செய்வார்கள், நீங்கள் ஏற்றிய நிறம் ஒரே நாளில் போய்விடும்.

இடம் விஷயம்: பொதுச்சாலை, நடைபாதை, பொதுப்பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013 ஜனவரி 18-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. வள்ளியம்மையைப் பள்ளி வாசலில் சாலையைப் பார்த்து வைக்க ஆசைப்படுவார்கள். மேடை மதில் சுவருக்கு உள்ளே, பள்ளிப் பட்டாவுக்குள் வருகிறதா என்று நில அளவை வரைபடத்தில் பார்த்து, ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்டு வாங்கியபின் காங்கிரீட் போடச் சொல்லுங்கள்.